ஏப்ரல் கடைசியில் பியர்ஸ், ஐசன்ஹோவர் சிகரங்கள்: மூடுபனியில் ஸ்னோஷூ ஏற்றம்

#1 குறிஞ்சி

வணக்கம். ஏப்ரல் கடைசி சனிக்கிழமை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஒயிட் மவுண்டன்ஸ் மலைகளுக்குப் போகிறோம். கிராஃபர்ட் பாதை வழியாக மவுண்ட் பியர்ஸ் (4310 அடி), அங்கிருந்து முகட்டிலேயே மவுண்ட் ஐசன்ஹோவர் (4760 அடி), வந்த வழியே இறக்கம். போக வர சுமார் 15 கி.மீ. கோடையில் எல்லோருக்கும் பழகிய பாதைதான். ஸ்னோஷூவில் (பனியில் புதையாமல் நடக்கக் காலணிக்கு அடியில் கட்டும் அகலமான சட்டம்) சமதளத்தில் மட்டும்தான் பழக்கம். அந்த வாரம் முழுக்க மேகம், தூறல், முகட்டில் மூடுபனி என்று முன்னறிவிப்பு சொல்கிறது.

ஏப்ரல் கடைசியில் ஸ்னோஷூ உண்மையிலேயே தேவைப்படுமா, மைக்ரோஸ்பைக் (காலணிமேல் மாட்டும் சிறு பல் வைத்த சங்கிலி) போதுமா? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? மரங்கள் முடிந்த பிறகு மூடுபனி இறங்கிவிட்டால் பாதையை எப்படிப் பிடிப்பது? எங்கே வந்தால் திரும்பிவிட வேண்டும்?

#2 வரையாடு

ஸ்னோஷூ தேவைப்படும். நாலு பேருக்கு நாலு ஜோடி, மைக்ரோஸ்பைக்கும் நாலு ஜோடி. ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது.

ஏப்ரலில் அந்தப் பாதை எப்படிக் கிடக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். சாலையோரத்தில் உயரம் 1900 அடி. அங்கே சேறும் அழுக்குப் பனிக்கட்டியும். கிப்ஸ் ஓடையை ஒட்டி ஏற ஏற, காட்டு நிழலில் பனி தொடர்ச்சியாகிவிடும். மிஸ்பா குறுக்குப்பாதை பிரியும் இடத்துக்கு (1.9 மைல்) மேலே, பெரும்பாலான வருடங்களில் ஏப்ரல் கடைசியிலும் இடுப்பளவு பனி இருக்கும். குளிர்காலம் முழுக்க ஆட்கள் மிதித்த நடுப்பகுதி இறுகி வயல் வரப்பு மாதிரி நிற்கும். இரண்டு பக்கமும் மிதிபடாத பனி முன்பே இளகி அமுங்கியிருக்கும். இந்த வரப்பைத்தான் அந்த ஊர்க்காரர்கள் மோனோரெயில் என்கிறார்கள். அகலம் ஒன்றிரண்டு அடி. அதிலிருந்து கால் ஒரு சாண் விலகினால் தொடை வரை உள்ளே போகும்.

வரப்பு கெட்டியாக இருக்கும் வரை மைக்ரோஸ்பைக் போதும். அது இளகியதும் நடுவிலேயே கால் புதைய ஆரம்பிக்கும். அப்போது எடையைப் பரப்பித் தாங்குவது ஸ்னோஷூ மட்டும்தான். வசந்தகாலத்தில் ஏறும்போது முதுகில் சும்மா தொங்கிய ஸ்னோஷூ இறங்கும்போதுதான் உதவும். "காலையில் பனி கெட்டியாகத்தான் இருந்தது" என்று அதைக் காரிலேயே விட்டுப்போகிறவர்கள் மதியம் ஒவ்வொரு அடிக்கும் குழி போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தக் குழிகள் இரவில் உறைந்து, மறுநாள் வருகிறவர் கணுக்காலைத் திருகுகின்றன.

நேரம்: ஒரு மைலுக்கு அரை மணி, ஆயிரம் அடி ஏற்றத்துக்கு அரை மணி என்பது அங்குள்ள பழைய கணக்கு. பியர்ஸ் உச்சிக்கு மூன்று மைலுக்குச் சற்றுமேல், 2400 அடி ஏற்றம். ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம். இளகிய பனியில் ஸ்னோஷூவோடு ஏறினால் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், நாலு மணி. அந்த வாரம் ஆறு மணிக்குள் விடிந்துவிடும். ஆறு மணிக்கு முதல் அடி வையுங்கள்.

#3 நெறியாளர்

ஒரு சொல் திருத்தம், குழப்பம் வராமல் இருக்க. நம் மொழியில் பனி என்றால் புல்லில் நிற்கும் துளியும் அதுதான், மார்கழிக் காலையில் கண்ணை மறைப்பதும் அதுதான். இந்த இழையில் தரையில் கிடப்பதற்குப் பனி, உறைந்து கண்ணாடி மாதிரி இருப்பதற்குப் பனிக்கட்டி, காற்றில் நிற்பதற்கு மூடுபனி என்று பிரித்து எழுதுங்கள். "பனி அதிகம், ஜாக்கிரதை" என்று எழுதினால் படிக்கிறவருக்கு எதை எடுத்துப்போவது என்று தெரியாது.

#4 விரைநடை

வரையாடு சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு ஜோடி ஸ்னோஷூ நாலு பவுண்டு. அதை 3000 அடி தூக்கிப்போய்த் தூக்கி வருவது வீண் களைப்பு. வசந்தகாலத்தில் இரவில் உறைந்த மேல்தோடு காலை பத்து மணி வரை ஆளைத் தாங்கும். நாலு மணிக்கு ஹெட்லேம்ப் போட்டுக் கிளம்பி, பத்து மணிக்குள் மரங்களுக்குள் இறங்கிவிட்டால் மைக்ரோஸ்பைக்கே போதும். எடை குறைந்தால் வேகம் கூடும். மலையில் வேகமும் ஒரு பாதுகாப்புதான்.

#5 வரையாடு

@விரைநடை, தெளிந்த வானத்துக்கு உங்கள் கணக்கு முழுக்கச் சரி. குறிஞ்சி கேட்டிருப்பது மூடுபனி நாள். அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது.

பனியின் மேல்தோடு இரவில் உறைவது காற்றின் குளிரால் மட்டும் இல்லை. தெளிந்த இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். அதனால் காற்று 1, 2 டிகிரியில் இருந்தாலும் மேல்தோடு உறையலாம். மேகம் போர்த்தினால் அந்த வெப்பம் போவதில்லை. தோடு கட்டாது. விடியற்காலை நாலு மணிக்கும் பனி கஞ்சி மாதிரியேதான் இருக்கும்.

அதோடு மூடுபனியே பனியைத் தின்னும். ஈரமான மிதவெப்பக் காற்று பனிமேல் பட்டு நீராகப் படியும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிராம் ஈரம் படிந்தால் ஏழு கிராமுக்கு மேல் பனி உருகும். காற்றோடு கூடிய ஈர மூடுபனி ஒரே இரவில் பனியை இவ்வளவு அரிப்பது இதனால்தான்.

எனவே முன்னறிவிப்பில் பகல் வெப்பநிலையைவிட இந்த மூன்றைப் பாருங்கள்: முந்தின இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, இரவில் மேகம் உண்டா, பனிப்புள்ளி (டியூ பாயிண்ட், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பூஜ்யத்துக்கு மேலா கீழா. இரவு −4 டிகிரி, தெளிந்த வானம் என்றால் விரைநடை சொன்னபடி போகலாம். இரவு +2, மேகம், பனிப்புள்ளி +1 என்றால் முதல் மைலிலேயே ஸ்னோஷூவைக் கட்ட வேண்டியிருக்கும். இரவு +5, மழை என்றால் அந்த வாரம் விட்டுவிடுங்கள். வரப்பே சரிந்து உடையும், ஓடைகளும் பொங்கும்.

எங்கே பார்ப்பது: மவுண்ட் வாஷிங்டன் ஆய்வகம் தினமும் வெளியிடும் உயர்சிகர முன்னறிவிப்பு. கீழே ஊருக்கான செயலிகளைப் பார்த்து முகட்டுக்குப் போகாதீர்கள். அந்த மலைத்தொடருக்கு ஏப்ரல் சாதுவான மாதம் இல்லை. மணிக்கு 231 மைல் காற்று வாஷிங்டன் உச்சியில் பதிவானது 1934 ஏப்ரல் 12 அன்று. ஐசன்ஹோவர் அதே முகட்டில்தான் இருக்கிறது.

#6 மொன்றியல்காரன்

ஸ்னோஷூ வாடகைக்கு எடுக்கிற ஆக்களுக்கு ரெண்டு மூண்டு விசயம்.

அளவு: உங்கட எடையோட பை, தண்ணி, உடுப்பு எல்லாம் சேர்த்துப் பாக்க வேணும். எம்எஸ்ஆர் ஈவோ எண்ட மாடல் 22 அங்குலம் 180 பவுண்ட் வரைக்கும் தாங்கும் எண்டு போட்டிருப்பாங்கள், வால் துண்டு பூட்டினா 250. வசந்தகாலப் பனி அடர்த்தி கூட. அதால பெரிய 30 அங்குலம் தேவையில்லை. செங்குத்துப் பாதையில பெரிசு காலில தட்டும். 22 இல்லாட்டி 25 காணும். 

வகை: வட்டக் குழாய்ச் சட்டம் போட்ட, சமதளத்தில நடக்கிற வகை வேண்டாம். கீழ ரெண்டு பக்கமும் நீளத்துக்குப் பல்லு வைச்ச சட்டமும், பெருவிரல் எலும்புக்குக் கீழ கூர்ப்பல்லும் இருக்கிறதை எடுங்கோ. சரிவில குறுக்கால நடக்கேக்க பக்கப் பல்லுத்தான் பிடிக்கும். குதிக்காலுக்குக் கீழ தூக்கிவிடுற கம்பி இருந்தா மிஸ்பா பிரிவுக்கு மேல வாற ஏற்றத்தில கெண்டைக்கால் தப்பும். இறங்கேக்க அந்தக் கம்பியை மறக்காமல் மடக்கிப் போடுங்கோ, இல்லாட்டி முன்னால குப்புறத் தள்ளும்.

இறங்கிற முறை: பின்னுக்குச் சாயக் கூடாது. பல்லு இருக்கிறது பாதத்தின்ர முன்பக்கத்தில. பின்னுக்குச் சாய்ஞ்சா பல்லு மேல எழும்பி, குதி வழுக்கும். முழங்காலை மடக்கி, உடம்பைக் காலுக்கு நேர மேல வைச்சு, சின்னச் சின்ன அடியா இறங்க வேணும். பின்னுக்கு அடி எடுத்து வைக்கவே ஏலாது. வால் பனியில குத்தி ஆளை இருத்திப் போடும். திரும்ப வேணுமெண்டா அரைவட்டமா அடி வைச்சுத் திரும்புங்கோ.

அடிரொண்டாக் பக்கம் போறவைக்கும் சொல்லி வைக்கிறன்: அங்க ஹை பீக்ஸ் வனப்பகுதியில 8 அங்குலத்துக்கு மேல பனி இருந்தா ஸ்னோஷூ இல்லாட்டி ஸ்கீ போட வேணும் எண்டது சட்டம். நியூ ஹாம்ப்ஷயரில அப்பிடிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லை எண்டதுக்காகக் குழி போட்டுக்கொண்டு போறது பின்னால வாறவைக்குச் செய்யிற அநியாயம்.

#7 செவ்வந்தி

உடை பற்றி யாரும் எழுதவில்லை. மூடுபனி நாளில் அதுதான் முதலில் காலை வாரும்.

நல்ல குளிர்காலத்தில், −10 டிகிரியில், உடம்பு நனைவதில்லை. பனி தட்டினால் உதிர்ந்துவிடும். ஏப்ரலில் அப்படி இல்லை. ஈரக்காற்றில் 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி குறையும். வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஐசன்ஹோவர் உச்சிக்கும் 870 மீட்டர் வித்தியாசம். கீழே 6 டிகிரி என்றால் மேலே 0, 1. ஆளை நனைத்து நடுங்க வைக்க இதைவிடத் தோதான வெப்பநிலை இல்லை. மூடுபனி துணியில் படிந்து ஊறும், தூறல் மேலே பனியாகவும் கீழே மழையாகவும் விழும். இதோடு மணிக்கு 65 கி.மீ. காற்றும் சேர்ந்தால் 0 டிகிரி தோலுக்கு −9 மாதிரி இருக்கும்.

உள்ளே மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை. பருத்தி வேண்டவே வேண்டாம், ஜீன்ஸ், பனியன் உட்பட. ஏறும்போது கொஞ்சம் குளிர்கிற அளவுக்குத்தான் போட்டிருக்க வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் சுகமாக இருந்தால் அரை மணியில் வேர்வை ஊறும், அந்த வேர்வையே முகட்டில் எதிரி. மரங்கள் குட்டையாகத் தொடங்கும் இடத்தில், காற்று படுவதற்கு முன்னாலேயே நின்று, காய்ந்த மேலுடையும் மழைச்சட்டையும் மாற்றுங்கள். வெளியே போய்க் காற்றில் நின்று மாற்ற நினைத்தால் கை மரத்து ஜிப் பிடிபடாது.

கையுறை ஆளுக்கு மூன்று ஜோடி: ஏறும்போது மெல்லியது, முகட்டுக்கு நீர் புகாத மிட்டன், நனைந்தால் மாற்ற இன்னொன்று. ஸ்னோஷூ பட்டையைக் கட்டி அவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் கையுறை நனையும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் கவனம்: காற்றில் மிதக்கும் நீர்த்துளி பூஜ்யத்துக்குக் கீழே எதில் பட்டாலும் உடனே உறைந்து ஒட்டும். இதற்கு ரைம் என்று பெயர். பாதையைக் காட்ட அடுக்கி வைத்திருக்கும் கற்குவியல்களில் காற்றடிக்கும் பக்கம் இறகு மாதிரி வளர்ந்து நிற்பதும் இதுதான். மூக்குக்கண்ணாடியில் படிந்தால் துடைத்துப் பயனில்லை. மேலே அணியும் காகிளும், அதற்குத் தெளிந்த அல்லது மஞ்சள் வில்லையும் கொண்டுபோங்கள். வெயில் தெரியாவிட்டாலும் முகத்துக்கு சன்ஸ்க்ரீன் பூசுங்கள், மெல்லிய மேகத்தில் பனி நாலா பக்கமும் ஒளியைத் திருப்பும்.

#8 குறிஞ்சி

எல்லோருக்கும் நன்றி. இரவு வெப்பநிலையும் மேகமும் இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் என்று யோசிக்கவே இல்லை. வழி பிடிப்பது பற்றித்தான் இன்னும் கவலை. கற்குவியலைப் பார்த்துப் போய்விடலாம் என்கிறார் எங்களில் ஒருவர்.

#9 திசைகாட்டி

கற்குவியலை மட்டும் நம்பாதீர்கள். கோடையில் ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும். பனி மூடினால் சிறியவை காணாமல் போகும், பெரியவை ரைம் படிந்து வெள்ளையாகி மூடுபனியோடு கலந்துவிடும்.

உங்கள் பாதையில் சிக்கல் வரும் இடங்கள் மூன்று.

முதலாவது, காட்டுக்குள்ளேயே. நாலடிப் பனிமேல் நடக்கும்போது நீங்கள் கிளைகளின் உயரத்தில் நடக்கிறீர்கள். மரத்தில் அடித்திருக்கும் வண்ணக் குறி முழங்கால் அளவில் இருக்கும் அல்லது புதைந்திருக்கும். வரப்பு விட்டுப்போனால் நின்று, கடைசியாக வரப்பைப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். "இப்படித்தான் போகும்" என்று மரங்களுக்குள் புகாதீர்கள்.

இரண்டாவது, இதுதான் முக்கியம்: பியர்ஸ் உச்சிக்குக் கீழே கிராஃபர்ட் பாதை குட்டை மரங்களிலிருந்து வெளியே வந்து வெப்ஸ்டர் கிளிஃப் பாதையைச் சந்திக்கும் இடம். உச்சி அங்கிருந்து 0.1 மைல்தான். ஏறும்போது இந்த இடத்தில் யாருக்கும் குழப்பம் வராது. திரும்பி வரும்போது, மூடுபனியில், மரச்சுவரில் அந்த ஒற்றை வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். வெளியே வந்ததும் நின்று, திரும்பிப் பார்த்து, ஜிபிஎஸ்ஸில் புள்ளி வையுங்கள், படமும் எடுங்கள்.

மூன்றாவது, ஐசன்ஹோவர் உச்சி. மொட்டைத்தலை மாதிரி வழுவழுப்பான குவிமாடம், நடுவில் பெரிய கற்குவியல். அதைச் சுற்றி வந்து ஒரு படம் எடுத்து முடிக்கும்போது எந்தப் பக்கம் வந்தோம் என்பது போய்விடும். உச்சியைத் தொடும் முன்பே, வந்த திசையைக் காம்பஸில் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்கள்: பியர்ஸ் உச்சியிலிருந்து ஐசன்ஹோவர் உச்சி நேர்கோட்டில் சுமார் 2 கி.மீ., உண்மை வடக்கிலிருந்து சுமார் 40 டிகிரி. அந்தப் பகுதியில் காந்த ஊசி ஏறக்குறைய 14 டிகிரி மேற்கே விலகும். எனவே காம்பஸில் 54, திரும்பும்போது 234. பாதை நேர்கோட்டில் போகாது, வளைந்து தாழ்ந்துதான் ஏறும். இந்த எண்கள் "நாம் முற்றிலும் தவறான பக்கம் போகவில்லை" என்பதை உறுதி செய்ய மட்டுமே. கிளம்பும் முன் உங்கள் வரைபடத்தில் நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள்.

அடுத்த கற்குவியல் தெரியாதபோது: மூன்று பேர் தெரிந்த கற்குவியலிலேயே நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் காம்பஸ் திசையில் முன்னே போக வேண்டும், குரல் எட்டும் தூரம் வரை மட்டும். அடுத்ததைக் கண்டால் விசில் ஒன்று, மற்றவர்கள் வருவார்கள். காணாவிட்டால் தன் தடத்திலேயே திரும்பி வந்து, பத்து டிகிரி விலகி இன்னொருமுறை. இரண்டு முறை கிடைக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்புங்கள். காற்று உங்கள் தடத்தை அழிக்கும் வேகம் உங்கள் யோசனையைவிட அதிகம்.

வழி தப்பினால் எந்தப் பக்கம் இறங்கினாலும் சாலை வரும் என்று நினைக்காதீர்கள். மேற்கே இறங்கினால் மவுண்ட் கிளிண்டன் சாலை. கிழக்கே இறங்கினால் டிரை ரிவர் வனப்பகுதி: சாலை இல்லை, ஏப்ரலில் உருகுநீரில் பொங்கும் ஆறு உண்டு. கிழக்குச் சரிவுக்குள் ஒரு அடியும் வேண்டாம்.

போனில் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். போன் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். தாள் வரைபடம் ஒன்று, காம்பஸ் இரண்டு, இரண்டு பேரிடம்.

#10 விரைநடை

வரையாடு சொன்ன மேக விஷயம் சரிதான், ஏற்கிறேன். மேகம் போர்த்திய இரவுக்கு என் யோசனையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு சேர்க்கை: அவசரத்துக்கு ஐசன்ஹோவரிலிருந்து எட்மண்ட்ஸ் பாதை வழியாக மேற்கே இறங்கலாம் என்று பலர் சொல்வார்கள். 2.9 மைல், கோடையில் அருமையான பாதை. ஆனால் அது முடியும் மவுண்ட் கிளிண்டன் சாலை குளிர்காலக் கதவு திறக்கும் வரை மூடியே இருக்கும். அங்கிருந்து உங்கள் வண்டிக்குச் சாலையிலேயே இன்னும் 2.3 மைல் நடை. மேல்பகுதியில் குறுக்குச் சரிவில் பனிக்கட்டி படிந்த இடமும் உண்டு. காற்றிலிருந்து தப்ப அது நல்ல வழி, தூரத்துக்கு இல்லை.

காற்று அதிகமாக இருந்தால் ஐசன்ஹோவர் உச்சிவளையத்தில் (உச்சி வழியாகச் சுற்றிவரும் கிளைப்பாதை) ஏறாமல் கிராஃபர்ட் பாதையிலேயே இருக்கலாம், அது உச்சியைத் தொடாமல் தென்கிழக்குப் பக்கம் குட்டை மரங்கள் ஊடே போகும்.

#11 ஊசியிலை

திசைகாட்டி "மரங்களுக்குள் புகாதீர்கள்" என்றதன் காரணத்தை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த முகட்டில் இதுதான் பெரிய கண்ணி.

பியர்ஸுக்கும் ஐசன்ஹோவருக்கும் நடுவே ஆள் உயரமோ அதற்குக் குறைவோ உள்ள ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. கிளைகள் குடை மாதிரி பனியை மேலேயே தாங்கிக்கொள்வதால் அடியில் வெற்றிடம் இருக்கும். மேலே பார்த்தால் வழுவழுப்பான பனித்திட்டு, ஒரு பச்சை நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் கால் வைத்தால் மார்பளவு உள்ளே. இதை ஸ்ப்ரூஸ் டிராப் என்பார்கள். வசந்தத்தில் இது மோசம், ஏனென்றால் மேலே உள்ள பனி இளகியிருக்கும், அடியில் உருகுநீரும் ஓடும்.

விழுந்தவர் உதறக் கூடாது. உதறினால் கிளைகள் ஸ்னோஷூவின் வாலை இன்னும் கொக்கிபோல் பிடிக்கும். மற்றவர்கள் பக்கத்தில் ஓடி வரக் கூடாது, பாதைப் பக்கமாக மட்டும், எடையைப் பரப்பி வர வேண்டும். முதலில் பையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஊன்றுகோல் இரண்டையும் பனிமேல் குறுக்காகப் படுக்கவைத்து அதன்மேல் கைகளை ஊன்ற வேண்டும். பிறகு ஸ்னோஷூவின் முன்மூக்கைச் சுற்றிப் பனியைக் கையாலோ சிறு மண்வெட்டியாலோ வாரி எடுத்து, காலை முன்னோக்கி மேலே இழுக்க வேண்டும். வரவே இல்லை என்றால் பட்டையை அவிழ்க்கலாம், ஆனால் அதற்கு முன் ஸ்னோஷூவில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது அடியில் போய்விடும், மீதி வழி ஒற்றைக்காலில். வெளியே வரும்போது எழுந்து நிற்காமல் மார்பை முன்னே தள்ளி, பாதைப் பக்கம் உருள வேண்டும். கடைசியாக ஈரத்துணி மாற்றம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாறைகளின் ஓரமும் இப்படித்தான். கறுத்த பாறை சூடேறி, தன்னைச் சுற்றியுள்ள பனியை உள்ளிருந்தே உருக்கும். பாறையை ஒட்டி மிதிக்காமல் ஓரடி தள்ளி மிதியுங்கள்.

ஒரு வேண்டுகோள், மனதாரக் கேட்கிறேன். ஏப்ரல் கடைசியில் முகட்டில் பனி திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். நடுவே வெறும் தரை தெரியும். அங்கே டயபென்சியா போன்ற செடிகள் விரலளவு உயரத்தில் மெத்தையாகப் படர்ந்திருக்கும். ஸ்னோஷூப் பல் ஒருமுறை கீறினால் அது ஆறப் பல வருடம் ஆகும். வெறும் தரை வந்ததும் ஸ்னோஷூவைக் கழற்றி, பாறைமேல் மட்டும் கால் வையுங்கள். இதே கிராஃபர்ட் பாதையில், சற்று வடக்கே மன்ரோ சிகரத்தருகே, ராபின்ஸ் சிங்க்ஃபாயில் என்ற அரிய செடிக்காகப் பாதையையே இடம் மாற்றினார்கள். அந்தச் செடி பிழைத்து 2002-ல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. மிதிக்காமல் விட்டால் இவை பிழைக்கும்.

#12 மொன்றியல்காரன்

பழுது பாக்கிற பை பற்றியும் எழுதி முடிக்கிறன். நாலு பேருக்கு ஒரு பை காணும்.

முதல்ல உடையிறது ரப்பர்ப் பட்டை. பழைய வாடகைச் சாமானில ஓட்டை கிழிஞ்சிருக்கும். எடுக்கேக்கயே ஒவ்வொரு பட்டையையும் இழுத்து, வளைச்சுப் பாருங்கோ. மாற்றுக்கு வோய்லே எண்ட, இழுபடுற பட்டை நாலு. அதால ஸ்னோஷூவும் கட்டலாம், உடைஞ்ச ஊன்றுகோலுக்கும் பத்தை வைச்சுக் கட்டலாம். பிறகு, பாதத்தட்டைச் சட்டத்தோட பிணைக்கிற ஆணி. அது கழண்டா கெட்டிக் கம்பியை ரெண்டு சுத்து விட்டுக் குறட்டால முறுக்கினா கீழ வந்து சேரலாம். கேபிள் டை பத்து, டக்ட் டேப் ஒரு மீட்டர், சின்னக் குறடு. இவ்வளவும்தான்.

கட்டேக்க கொளுவி வெளிப்பக்கம் இருக்க வேணும், உள்பக்கம் இருந்தா மற்றக் காலில கொளுவும். பத்து நிமிசம் நடந்தாப்பிறகு ஒருக்கா நிண்டு இறுக்குங்கோ. சப்பாத்துக்குக் கீழ நசிஞ்ச பனி உருகிப் பட்டை தளரும்.

ஈரப்பனி பல்லுக்குக் கீழ உருண்டையாக் கட்டும். கட்டினா பல்லுப் பிடிக்காது, குதிச்சப்பாத்து போட்ட மாதிரி ஆடும், கணுக்கால் பிரளும். வீட்டிலயே அடிப்பக்கம் சிலிக்கோன் ஸ்பிரே அடிச்சுக்கொண்டு போங்கோ. வழியில கட்டினா ஊன்றுகோலால பக்கச் சட்டத்தில தட்டுங்கோ. ஊன்றுகோலுக்கு அகலமான வட்டத்தட்டுப் பூட்ட மறக்காதேங்கோ, கோடைத் தட்டோட போனா கோல் முழுசா இறங்கிப்போம்.

முதுகில கொண்டுபோகேக்க நிமித்திக் கட்டாதேங்கோ. பனி உயர்ந்து நிக்கிறதால கிளை எல்லாம் தலைக்கு நேர. மேல நீட்டினா ஒவ்வொரு கிளையிலயும் மாட்டும். பையின்ர ரெண்டு பக்கமும், தோளுக்கு மேல போகாத மாதிரிக் கட்டுங்கோ.

#13 குறிஞ்சி

இப்போது திட்டம் இப்படி. வெள்ளி இரவு உயர்சிகர முன்னறிவிப்பு, இரவு வெப்பநிலை, பனிப்புள்ளி பார்த்து முடிவு. காலை 6 மணி தொடக்கம். மிஸ்பா பிரிவு 8, பியர்ஸ் 10, ஐசன்ஹோவர் 11:30, மதியம் 1 மணிக்கு மறுபடி பியர்ஸ், 4 மணிக்குள் வண்டி. ஏதாவது சிக்கல் என்றால் மிஸ்பா ஸ்பிரிங் விடுதியில் ஒதுங்கலாம். ஹைக் சேஃப் அட்டை (மீட்புச் செலவை நம்மிடம் வசூலிக்காமல் இருக்க மாநிலம் தரும் அட்டை) நாலு பேரும் வாங்கிவிட்டோம்.

#14 வரையாடு

மூன்று திருத்தங்கள்.

மிஸ்பா விடுதி ஏப்ரலில் பூட்டியிருக்கும். அடைக்கலமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒதுங்க வேண்டுமென்றால் மரங்களுக்குள்தான். அதற்கு நாலு பேருக்கு ஒரு தார்ப்பாய், உட்கார நுரைப்பாய் ஒன்று, ஒரு தூக்கப்பை, அடுப்பு, எரிவாயு ஒன்று பங்கிட்டுத் தூக்குங்கள். கால் சுளுக்கியவரைப் பனிமேல் வெறுமனே உட்கார வைத்தால் மீட்புக் குழு வரும் முன் குளிர் வந்துவிடும்.

ஹைக் சேஃப் அட்டை மீட்புச் செலவுக்குத்தான், அதுவும் வேண்டுமென்றே ஆபத்தில் இறங்கியவர்களுக்கு இல்லை. அது இருப்பதால் எந்த முடிவும் மாறக் கூடாது.

அட்டவணையில் மணி மட்டும் இருக்கிறது, நிபந்தனை இல்லை. இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பியர்ஸ் சந்திப்பில் மரங்களை விட்டு வெளியே வரும் முன் நாலு பேரும் நின்று மூன்று கேள்வி. மணி பத்தரையைத் தாண்டிவிட்டதா? இரண்டாவது கற்குவியல் தெரியவில்லையா? யாருக்காவது கையுறையோ உள்ளுடையோ நனைந்து, மாற்று தீர்ந்துவிட்டதா? ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் பியர்ஸ் உச்சியை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். இரண்டுக்கு வந்தால் அதுவும் வேண்டாம். கடைசியில் வருகிறவர் சொல்லும் பதில்தான் எல்லோருக்கும் பதில். முன்னே போகிறவருக்கு வரப்பு கெட்டியாக இருக்கும், மூன்று பேர் மிதித்து உடைத்ததில் நடப்பவருக்குத்தான் உண்மை நிலவரம் தெரியும்.

#15 குறிஞ்சி

சேர்த்துவிட்டேன். தூக்கப்பையும் அடுப்பும் நான் தூக்குகிறேன், தார்ப்பாயும் நுரைப்பாயும் மற்ற இருவரிடம். கடைசியில் வருகிறவரிடம் பழுதுப்பையும் இரண்டாவது காம்பஸும். வெள்ளி இரவு +3-க்கு மேல், மழை என்று வந்தால் முகட்டை விட்டுவிட்டு கிப்ஸ் அருவி வரை மட்டும் போய்த் திரும்புகிறோம்.

#16 திசைகாட்டி

கிப்ஸ் அருவிக்கும் மைக்ரோஸ்பைக் எடுத்துப்போங்கள். ஓடையோரப் பாறைகளில் தெறிக்கும் நீர் இரவில் உறைந்து காலையில் கண்ணுக்கே தெரியாது. ஓடைமேல் பாலம் மாதிரி நிற்கும் பனியில் ஏறாதீர்கள், அடியில் உருகுநீர் குடைந்திருக்கும். மரப்பாலத்தில் மட்டும் கடந்து செல்லுங்கள், ஒவ்வொருவராக.